மனதுருக்கமும் மேய்ப்பனும்: மத்தேயு 9:36 தமிழில்

மத்தேயு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்து 36-ஆம் வசனம் ஒரே வாக்கியம். இயேசு கலிலேயாவின் பட்டணங்களையும் கிராமங்களையும் சுற்றி வருகிறார். எதிரே திரண்டு நிற்கும் மக்களைக் காண்கிறார். மேய்ப்பன் இல்லாத ஆடுகளின் நிலையில் அவர்கள் இருப்பதைப் பார்த்து உள்ளம் இளகுகிறார். இந்த வாக்கியத்தில் அற்புதம் எதுவும் நிகழவில்லை, உபதேசமும் இல்லை. ஒருவர் ஒரு கூட்டத்தைப் பார்த்தபோது அவருக்குள் என்ன நடந்தது என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. உடலுக்குள் எழும் இரக்கம் ஒன்று, காவலை இழந்த மந்தை ஒன்று என இரண்டு படிமங்கள் இங்கே கைகோத்து நிற்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் முதல் படிமத்தை அரிய அழகோடு பிடித்தார்கள். இரண்டாவதன் கூர்மை தமிழில் வரும்போது சற்றே மழுங்கியது. அந்தக் கூர்மையைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திரும்பக் காட்டியவை அகராதிகள் அல்ல. ஈழத்தில் அவர்கள் பட்ட பாடுகள்.

கிரேக்க மூலத்தில் இயேசுவின் இரக்கத்தைக் குறிக்கும் வினைச்சொல் ‘ஸ்பிளாங்னிட்சொமாய்’. இதன் வேர் ‘ஸ்பிளாங்னா’, அதாவது உள்ளுறுப்புகள்: இதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகம், குடல். பழைய கிரேக்கத்தில் இது பலிபீடத்துக்குரிய சொல். வெட்டப்பட்ட விலங்கின் உள்ளுறுப்புகளைத்தான் அது முதலில் குறித்தது. பிறகு மனிதருடைய உணர்ச்சிகள் குடியிருக்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. எபிரேயத்தில் இதற்கு இணையான சொல் ‘ரஹமீம்’. அது கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற வேரோடு உறவுடையது. ஆக, இந்த இரக்கம் அறிவு யோசித்து எடுத்த முடிவாக வருவதில்லை. வயிற்றில் தொடங்கி உடலைக் கலக்குகிறது.

புதிய ஏற்பாட்டில் இந்த வினைச்சொல் 12 இடங்களில் வருகிறது. பன்னிரண்டும் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளுக்குள் அடங்கிவிடுகின்றன: மத்தேயுவில் ஐந்து, மாற்கில் நான்கு, லூக்காவில் மூன்று. ஒன்பது இடங்கள் இயேசுவைப் பற்றியவை. எஞ்சிய மூன்றும் அவர் சொன்ன உவமைகளில் வருபவை: கடனை மன்னித்த அரசன், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன், திரும்பி வந்த மகனை நோக்கி ஓடிய தகப்பன். இந்தப் பன்னிரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒன்று தெளிவாகும். இந்தச் சொல்லை அடுத்து எப்போதும் ஒரு செயல் நிற்கிறது. தொழுநோயாளியைக் கை தொடுகிறது, பசித்த கூட்டத்துக்கு அப்பம் பிட்கப்படுகிறது, நாயீன் ஊர் விதவையின் மகன் பாடையிலிருந்து எழுகிறான், காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கப்படுகின்றன. செயல் தொடராத வெறும் உணர்ச்சிக்கு நற்செய்தியாளர்கள் இந்தச் சொல்லைச் செலவிடவில்லை.

மாற்கு 1:41-இல் உள்ள பாடபேதம் இதன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. தொழுநோயாளியைக் கண்டு இயேசு உருகினார் என்பதே பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளின் வாசகம். பேசாவின் கோடெக்ஸ் எனப்படும் பழைய பிரதியோ அந்த இடத்தில் அவர் சினந்தார் என்கிறது. எது மூலம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் படியெடுத்தவர்களின் கைகளில் சினமும் இரக்கமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர முடிந்ததே, அதுதான் கவனிக்க வேண்டியது. மனிதனை அந்த நிலைக்குத் தள்ளியதன்மேல் சினம், அந்த நிலையில் கிடக்கும் மனிதன்மேல் இரக்கம். இரண்டும் ஒரே வயிற்றில்தான் பிறக்கின்றன.

தமிழ்ப் பேச்சுமொழி இந்தக் கிரேக்கச் சொல்லை எந்த விளக்கமும் இன்றிப் புரிந்துகொள்ளும். பெற்ற வயிறு பற்றி எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, அடிவயிறு கலங்குகிறது, குலை பதறுகிறது என்று சொல்லிப் பழகிய நாக்கு இது. பிள்ளையைக் காணாத தாய் கைவைத்து அழுத்துவது நெற்றியை அல்ல, வயிற்றை. அப்படியிருந்தும் தமிழ் வேதாகமம் வயிற்றை விட்டு மனத்தைத் தேர்ந்தது. 1871-இல் முழுமையாக வெளிவந்து, இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் ஐக்கிய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் ‘மனதுருகி’ என்கிறது.

உருகுதல் என்பது தமிழில் தனி வரலாறு உள்ள சொல். பக்தி இலக்கியத்தின் மையமே அதுதான். நாயன்மார்களும் ஆழ்வார்களும் இறைவனை நினைத்து உருகினார்கள். திருவாசகத்தைப் பற்றிப் பேசும் எவரும் உருக்கத்தைச் சொல்லாமல் மேலே போவதில்லை. அங்கே பெரும்பாலும் உருகுபவர் அடியவர். மெழுகு இந்தப் பக்கம், நெருப்பு அந்தப் பக்கம். மத்தேயுவின் வசனம் தமிழுக்கு வந்தபோது திசை மாறியது. வணங்கப்படுபவரே கூட்டத்தைக் கண்டு உருகுகிறார். சைவத்திலும் இறைவன் தாயினும் மேலாகப் பரிபவன்தான். மாணிக்கவாசகர் அதைப் பாடியிருக்கிறார். ஆகவே தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான எண்ணமாகத் தோன்றவில்லை. அடியவருக்கே உரியதாய் வழங்கிய ஒரு வினையை ஆண்டவர்மேல் ஏற்றியதில்தான் புதுமை. குடலும் ஈரலும் விடுபட்டுப்போனது இழப்புத்தான். ஆனால் ‘உருகி’ என்ற ஒரு சொல் அந்த இழப்புக்கு ஈடு செய்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் இதே இடத்தில் பரிவு என்ற சொல்லைக் கையாள்கிறது. பரிவு நல்ல தமிழ், கண்ணியமான தமிழ். ஆனால் உருக்கத்தின் வெப்பம் அதில் குறைவு. மருத்துவமனைத் தாதி நோயாளியிடம் காட்டுவதும் பரிவுதான். அது ஓர் ஒழுங்குக்குள் நிற்கும் உணர்வு. மேய்ப்பன் என்றிருந்த இடத்தில் திருவிவிலியம் ஆயர் என்று எழுதுகிறது. இந்த மாற்றத்துக்குள் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதற்கு முன் மேய்ப்பன் என்ற படிமம் மூல நூலில் எதைக் குறித்தது என்று பார்க்க வேண்டும்.

மேய்ப்பன் என்றதும் இன்றைய வாசகரின் கண்முன் வருவது சுவர் நாட்காட்டிப் படம்: பசும்புல், வெள்ளை அங்கி, தோளில் ஆட்டுக்குட்டி. பழைய ஏற்பாட்டில் இது அரசியல் சொல். பண்டைய மேற்காசியாவில் அரசர்கள் தங்களை மேய்ப்பர் என்றே அழைத்துக்கொண்டார்கள். பாபிலோனின் அம்முராபி தன் சட்டத் தொகுப்பின் முகவுரையில் அப்படித்தான் பேசுகிறான். கிரேக்கத்தில் ஹோமர், அகமெம்னோனை மக்களின் மேய்ப்பன் என்கிறார். எனவே மேய்ப்பன் இல்லாத ஆடுகள் என்றால் ஆட்சி தவறிய நாடு என்று பொருள். இந்தத் தொடர் முதலில் எண்ணாகமம் 27-இல் வருகிறது. சாகும் காலம் நெருங்கிய மோசே, மக்கள் அந்த நிலைக்கு வந்துவிடக் கூடாது என்று வாரிசு ஒருவரைக் கேட்கிறார், யோசுவா நியமிக்கப்படுகிறார். யோசுவா என்ற எபிரேயப் பெயரைக் கிரேக்கத்தில் எழுதினால் இயேசு என்றே வரும். மத்தேயுவின் முதல் வாசகர்கள் இந்த ஒற்றுமையைக் காணாமல் போயிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது இடம் 1 இராஜாக்கள் 22. ஆகாப் அரசன் போருக்குக் கிளம்புகிறான். வெற்றி நிச்சயம் என்று நானூறு தீர்க்கதரிசிகள் முழங்க, மிகாயா மட்டும் மலைகளில் சிதறிக் கிடக்கும் ஆடுகளைக் காண்கிறார். அரசன் சாவான் என்பதே அதன் பொருள், அப்படியே நடந்தது. மூன்றாவதும் கடுமையானதும் எசேக்கியேல் 34. அந்த அதிகாரம் முழுக்க ஒரு குற்றப்பத்திரிகை. மேய்ப்பர்கள் கொழுத்ததைத் தின்றார்கள், கம்பளியை உடுத்தினார்கள், நோயுற்றதைக் கவனிக்கவில்லை, காயப்பட்டதைக் கட்டவில்லை, தொலைந்ததைத் தேடவில்லை. முடிவில் கடவுள், தாமே மந்தையை மேய்க்க வருவதாக அறிவிக்கிறார்.

இந்தப் பின்னணியோடு படித்தால் மத்தேயுவின் ஒரு வாக்கியம் எவ்வளவு துணிச்சலானது என்று விளங்கும். கலிலேயாவில் அப்போது ஆள்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ரோமின் தயவில் ஏரோது அந்திப்பா ஆண்டுகொண்டிருந்தான். மேலே பேரரசு, உள்ளே எருசலேம் ஆலயத்தின் மதத் தலைமை. வரி வசூலிப்பவன் சாவடியில் உட்கார்ந்திருக்கும் காட்சி இதே 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இத்தனை பேர் இருந்தும் மேய்ப்பன் இல்லை என்கிறது வசனம். மாற்கு இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறார். அவருடைய 6-ஆம் அதிகாரத்தில் முதலில் வருவது ஏரோதின் பிறந்தநாள் விருந்து. பிரபுக்களும் படைத்தலைவர்களும் கூடிய அந்த விருந்தில் யோவான் ஸ்நானகனின் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது. அடுத்து வருவது வனாந்தரத்து விருந்து. மேய்ப்பன் இல்லாத ஆடுகள் என்ற தொடர் அங்கேதான் இடம்பெறுகிறது. மக்கள் பசும்புல்லின்மேல் அமர்கிறார்கள், ஐயாயிரம் ஆண்கள் வயிறார உண்கிறார்கள். இரண்டு விருந்துகளையும் அடுத்தடுத்து வைத்த மாற்கு, ஒரு சொல் விமர்சனமும் செய்யாமலே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்.

மத்தேயுவுக்குத் திரும்பினால், ஆடுகளின் நிலையை இரண்டு சொற்கள் விவரிக்கின்றன. பழமையான பிரதிகளில் முதற்சொல் ‘எஸ்கில்மெனோய்’. தோலுரித்தல், கிழித்தல் என்ற மூலப்பொருளிலிருந்து தொல்லைப்படுத்துதல், அலைக்கழித்தல் என்று விரிந்த வினை அது. இரண்டாவது ‘எர்ரிம்மெனோய்’: எறியப்பட்டவர்கள், கீழே தள்ளப்பட்டுக் கிடப்பவர்கள். இரண்டும் செயப்பாட்டு வடிவங்கள். யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். ஆடுகள் தாமாகச் சோர்ந்துவிடவில்லை.

பிற்காலப் பிரதிகள் சிலவற்றில் முதற்சொல் மாறி, ‘களைத்துப்போனவர்கள்’ என்ற பொருளுடைய வேறொரு சொல் புகுந்தது. ஐரோப்பாவில் தொடக்க காலத்தில் அச்சேறிய கிரேக்கப் பதிப்புகள் இந்தப் பாடத்தையே ஏற்றன. தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பும் அதையே பின்பற்றி ‘தொய்ந்துபோனவர்கள்’ என்றது. தொய்தல் அருமையான சொல். நீரில்லாத செடியும், நனைந்த கொடிக்கயிறும், பட்டினி கிடந்த பிள்ளையும் தொய்ந்துபோவதைத் தமிழர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆனால் தொய்ந்துபோவதற்குக் குற்றவாளி வேண்டியதில்லை. வெயிலும் காலமும் போதும். இங்கேதான் வசனத்தின் அரசியல் கூர்மை மழுங்கியது. ‘அலைக்கழிக்கப்பட்டு’ என்று எழுதிய 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியம் அந்தக் கூர்மையை ஓரளவு மீட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டை ஆய்வு நூலகத்துக்குப் போகாமலே காணலாம். கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக் கரையில் உள்ள ஒஷாவா போன்ற ஊர்களில், ஈழத்திலிருந்து வந்த ஒரே தமிழ்க் குடும்பத்தின் கைகளில் அது இருக்கிறது. அம்மம்மாவின் மடியில் ஊரிலிருந்து வந்த, ஓரம் தேய்ந்த கறுப்பு அட்டை வேதாகமம். அதில் மக்கள் தொய்ந்துபோயிருக்கிறார்கள். பக்கத்தில் பேரப்பிள்ளை கைப்பேசியில் ஆங்கில வேதாகமத்தைத் திறந்தால், இன்று பரவலாக வழங்கும் மொழிபெயர்ப்பு ஒன்றில் அதே மக்கள் ‘ஹராஸ்ட்’, அதாவது துன்புறுத்தப்பட்டவர்கள். பிள்ளைக்கு அது பள்ளிக்கூடத்திலும் செய்தியிலும் கேட்ட சொல். யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. அம்மம்மாவோ அலைக்கழிக்கப்பட்டதை வாழ்ந்தே அறிந்தவர். அவருடைய வேதாகமத்தில்தான் அந்தச் சொல் இல்லை. பல நூற்றாண்டுகளாகப் பிரிந்து நிற்கும் இரு கையெழுத்து மரபுகள் இப்படி ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

தமிழில் இந்தப் படிமம் வேர்பிடித்ததற்குத் தமிழ் நிலமும் ஒரு காரணம். ஐந்திணையில் முல்லை முழுவதும் மேய்ச்சல் நிலம். அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்திருந்து காத்தல். கலித்தொகை, மாடு மேய்ப்பவரைக் கோவினத்தாயர் என்றும், எருமை மேய்ப்பவரைக் கோட்டினத்தாயர் என்றும், ஆடு மேய்ப்பவரைப் புல்லினத்தாயர் என்றும் பிரித்தறிகிறது. நற்றிணையின் 142-ஆம் பாடலில் இடைக்காடனார் காட்டும் இடையன் மறக்க முடியாதவன். தூவானம் உடம்பின் ஒரு பக்கத்தை நனைக்கிறது. கோலின்மேல் காலை வைத்து ஒடுங்கி நிற்கிறான். நாக்கை மடித்து அவன் எழுப்பும் சீழ்க்கையைக் கேட்டு ஆட்டுக்கூட்டம் கலையாமல் நிற்கிறது. அவன் நனைவதால் ஆடுகள் பத்திரமாயிருக்கின்றன. மேய்ப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சித்திரம் கிடைப்பது அரிது.

தமிழில் ஆடு என்ற ஒரே சொல் செம்மறியையும் வெள்ளாட்டையும் குறிப்பதால் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மத்தேயு பேசுவது செம்மறியை. வெள்ளாடு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். வேலி தாண்டும், பாறை ஏறும், முள்மரத்தில் முன்னங்கால் வைத்து எட்டித் தின்னும். செம்மறி அப்படியில்லை. முன்னே போவதன் பின்னே தலை கவிழ்ந்து போகும். உச்சி வெயிலில் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இராமநாதபுரம் பக்கத்தில் ஊர் ஊராகச் சென்று வயல்களில் கிடை போடும் ஆட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீதாரி எனப்படும் தலைமை மேய்ப்பனை நம்பியே மொத்தக் கிடையும் நகர்கிறது. வெள்ளாடு மட்டுமே கண்ட வாசகருக்கு இந்த வசனத்தின் அவசரம் பாதிதான் எட்டும். அவருக்கு மேய்ப்பன் இல்லாத ஆடு ஒருவேளை சுதந்திர ஆடு.

இடையன், ஆயன், கோவலன், மேய்ப்பன் என்று சொற்கள் பல இருக்க, சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் நிலைத்தது மேய்ப்பன். இடையன் என்ற சொல் பிறப்பால் வரும் ஒரு சமூகத்தின் பெயராகவும் வழங்குவது. மேய்ப்பன் செயலிலிருந்து பிறந்த பெயர். யார் மேய்த்தாலும் அவர் மேய்ப்பன். நற்செய்தியின் கருத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது. கத்தோலிக்கத் தமிழோ ஆயர் என்ற சொல்லை எடுத்து, மறைமாவட்டத் தலைவருக்கு அதையே பதவிப் பெயராக்கியது. தென்னிந்தியத் திருச்சபையில் அதே நிலையில் உள்ளவர் பேராயர். அங்கே சபை ஊழியரை ஆயர் என்று அழைப்பதும் உண்டு. ‘ஆ’ என்றால் பசு. மாடு மேய்ப்பவரின் பெயர் இப்படித் திருச்சபைத் தலைவரின் பெயராயிற்று. சுயாதீன சபைகளில் புழங்கும் பாஸ்டர் என்ற சொல்லும் இலத்தீனில் மேய்ப்பனே. தமிழ்க் கிறிஸ்தவர் தம் சபைத் தலைவரை எந்தப் பெயரால் அழைத்தாலும் எசேக்கியேலின் குற்றப்பத்திரிகையை அவருக்கு நினைவூட்டியபடிதான் அழைக்கிறார்.

வேதாகமம் தமிழுக்கு வந்த வழியில் யாழ்ப்பாணத்துக்குத் தனி இடம் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டார். பெப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. 1850-இல் வெளிவந்த யாழ்ப்பாண மொழிபெயர்ப்பில் மெதடிஸ்த பாதிரியார் பீற்றர் பேர்சிவலுக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுகநாவலர். அந்த மொழிபெயர்ப்பு பரவலாக ஏற்கப்படவில்லை. நாவலர் சைவத்தைக் காக்கப் புறப்பட்டு, 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார்.

மத்தேயுவின் வசனத்துக்குத் தமிழ் மரபில் மிக நெருங்கிய கதை பெரியபுராணத்தில்தான் இருக்கிறது. கயிலையிலிருந்து தெற்கே வரும் யோகி ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூருக்கு அருகே மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதைக் காண்கிறார். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து, கதறுகின்றன. மேய்ப்பன் எழுந்தால் ஒழிய இவற்றின் துயர் தீராது என்று உணர்ந்த யோகி தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். எழுந்த மேய்ப்பனை நக்கிக் களித்த பசுக்களை மேயவிட்டு, மாலையில் ஊருக்கு ஓட்டிச் செல்கிறார். திரும்பி வந்தபோது அவருடைய சொந்த உடல் அங்கே இல்லை. அன்று முதல் அவர் திருமூலர். மேய்ப்பனில்லாத மந்தையைக் கண்டு எழுந்த இரக்கம், கண்டவரையே மேய்ப்பனாக்கிவிடுகிறது. திரும்பிப் போக வழியும் இல்லாமல் போகிறது. இரண்டு சமயங்களின் கோட்பாடுகளும் வேறு வேறு. அவற்றை ஒன்றென்று குழப்புவது இரண்டுக்கும் செய்யும் அநீதி. ஆனால் யோகி ஒருவர் மாட்டுக்காக மனம் இளகிய கதையைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு மத்தேயுவின் வாக்கியம் எளிதில் புரிந்திருக்கும்.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் படிமம் ஈழத்தில் உவமையாக இருப்பதை விட்டு நடப்பாயிற்று. உள்நாட்டுப் போரில் மந்தை சிதறியது. மேய்ப்பர்கள் சிலர் மந்தையோடேயே மாண்டார்கள். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியான் 1985 சனவரி 6-இல் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் 2006 ஆகஸ்டில் காணாமற்போனார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார் 2009 மே 18-இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்றார். அதன் பின் அவரைப் பற்றிய தகவல் இல்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப்பு 2011 சனவரி 8-இல் செய்தது, ஆயர் என்ற சொல்லின் பழைய பொருளை அப்படியே மீட்டது. மாலையில் பட்டியை அடைக்கும்போது எந்த மேய்ப்பனும் முதலில் செய்வது எண்ணுவது. போருக்குப் பின் இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவர் அதன் முன் எண்ணிக்கையை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் அரச அலுவலகக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, கணக்குக் கேட்டார். 1992 முதல் 2016 வரை மன்னாரில் ஆயராக இருந்த அவர் 2021 ஏப்ரல் 1-இல் மறைந்தார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. மத்தேயுவின் 18-ஆம் அதிகாரத்தில் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பனும், ஒன்று குறைவதை எண்ணித்தான் அறிந்தான்.

சிதறியவர்களில் ஒரு பகுதி கனடாவை வந்தடைந்தது. 1986 ஆகஸ்ட் 11-இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரைக் கண்டு தன் படகில் ஏற்றியவர் கஸ் டால்ட்டன் என்ற மீனவர். அவர்கள் யார், எந்த நாட்டவர் என்பதெல்லாம் பிறகு எழுந்த கேள்விகள். ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் குடியேறிய தமிழர், வீட்டு விலை ஏற ஏற, 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கே பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி என்று நகர்ந்து ஒஷாவா வரை பரவினார்கள். கோடைதோறும் இப்பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர் மிட்லண்டில் உள்ள மறைசாட்சிகள் திருத்தலத்துக்குப் பெருங்கூட்டமாகச் செல்கிறார்கள். ஈழத்து மடுமாதாவை நினைத்துச் சைவர்களும் உடன் வருவதுண்டு.

ஒஷாவா 2021 கணக்கெடுப்பின்படி 1,75,383 பேர் வாழும் கார்த் தொழிற்சாலை நகரம். அங்குள்ள ஜெனரல் மோட்டர்ஸ் ஆலை 2019 டிசம்பரில் வாகன உற்பத்தியை நிறுத்தி, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. ஓர் ஆலையின் கதவு மூடுவதும் திறப்பதும் ஆயிரம் குடும்பங்களை எப்படி ஆட்டும் என்று இந்த நகரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகர நடுவில் சிம்கோ வீதியின் ஐக்கிய திருச்சபைக் கட்டடத்தில் வீடற்றவர்களுக்கும் வறியவர்களுக்கும் உதவும் பணி ஒன்று நடக்கிறது. அதன் பெயர் ‘பேக் டோர் மிஷன்’, பின்வாசல் பணி. அந்தக் கதவை நாடி வருபவர்களில் பலர் தொய்ந்துபோனவர்களாகத் தெரிவார்கள். அவர்களை அப்படி ஆக்கியவை எவை என்று கேட்கச் சொல்வது பழைய பிரதிகளின் ‘அலைக்கழிக்கப்பட்டவர்கள்’ என்ற சொல். வாடகை, வேலையிழப்பு, போதைமருந்து, உறவு முறிவு என்று பதில் நீளும். சூடான சாப்பாடு தேவை, அந்தக் கேள்வியும் தேவை. முதலாவது மட்டும் இருந்தால் வசனத்தின் பாதிதான் நிறைவேறும்.

மக்களை ஆடுகள் என்பது அவர்களைச் சிறுமைப்படுத்தாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. செம்மறிக் கூட்டம் என்பது தமிழில் வசைதான். மேய்ப்பன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மந்தையைக் கேள்வி கேட்கவிடாமல் அடக்கிய தலைவர்களும் எல்லாச் சபைகளிலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் இந்த வசனம் ஆடுகளைக் குறைகூறவில்லை. குறை முழுவதும் மேய்ப்பர்கள்மேல் விழுகிறது. அடுத்து நடப்பது இன்னும் முக்கியமானது. அறுவடைக்கு ஆட்கள் போதவில்லை என்று சொல்லும் இயேசு, வேலையாட்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி சீடர்களிடம் சொல்கிறார். 10-ஆம் அதிகாரம் தொடங்கியதும் வேண்டிக்கொள்ளச் சொல்லப்பட்ட அந்தச் சீடர்களில் பன்னிருவரையே அனுப்புகிறார். காணாமற்போன ஆடுகளைத் தேடிப் போகச் சொல்லும் அதே மூச்சில், ஓநாய்களுக்குள் போகும் ஆடுகள் என்று அவர்களை அழைக்கிறார். மந்தையிலிருந்தே மேய்ப்பர்கள் எடுக்கப்படுகிறார்கள். மேய்ப்பரான பிறகும் அவர்கள் ஆடுகளாகவே இருக்கிறார்கள்.

அந்தப் பன்னிருவரின் பெயர்களையும் மத்தேயு வரிசையாகத் தருகிறார். அவர்களில் ஐவரின் தொழிலைத்தான் அவருடைய நூல் சொல்கிறது. நால்வர் மீனவர், ஒருவர் வரி வசூலித்தவர். ஆடு மேய்த்தவர் என்று ஒருவரும் இல்லை.